தோளுக்கா, காதுக்கா?

மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் நீண்டிருக்கும் உருளையை நாம் எல்லோரும் 'சைலன்சர்' என்றே அழைக்கிறோம். எஞ்சினில் எரிந்த வாயு நேரே வெளியே பாய்ந்தால் தெருவே அதிரும். அதை உள்ளே தடுத்து, விரியவிட்டு, வேகம் தணித்து, மெல்ல வெளியேற்றுவதே அந்த உருளையின் வேலை. இதே பெயருடைய இன்னொரு கருவியைத் திரைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். வில்லன் கைத்துப்பாக்கியின் முனையில் ஒரு குழாயைத் திருகுவான். 'புஸ்' என்று சிறு ஓசை. அடுத்த அறையில் இருப்பவருக்கும் ஒன்றும் தெரியாது. முதலாவது கருவி நாள்தோறும் நாம் காணும் உண்மை. இரண்டாவதும் உண்மைதான், ஆனால் அதன் 'புஸ்' ஓசை பெரும்பாலும் திரைப்படக்காரர்களின் கற்பனை.

வேட்டை ரைபிளின் வாயில் எதைப் பொருத்துவது என்ற கேள்வி மேலைநாட்டு வேட்டைக்காரர்களிடையே நூறாண்டுக் காலமாக இருந்துவருகிறது. ஓசையை அடக்கும் சைலன்சரையா, தோளில் விழும் உதையைக் குறைக்கும் 'மசில் பிரேக்'கையா? துப்பாக்கிக் குழலின் வாய்க்கு ஆங்கிலத்தில் மசில் என்று பெயர். அங்கே பொருத்தும் பிரேக் ஆதலால் அது மசில் பிரேக் ஆயிற்று. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. ஆகவே நமக்கு இது கடையில் நின்று முடிவு செய்யவேண்டிய கேள்வியன்று. ஆயினும் இந்த வரலாற்றில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. ஒருவர் தம் வலியைக் குறைத்துக்கொள்ளும்போது அந்த வலி எங்கே போய்ச் சேருகிறது?

வாயு செய்யும் வேலை

சுட்டவுடன் துப்பாக்கி பின்னால் உதைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். நியூட்டனின் மூன்றாம் விதியைப் பற்றிப் பேசும்போது ஆசிரியர்கள் சொல்லும் எடுத்துக்காட்டே இதுதான். குண்டு முன்னே போகிறது. துப்பாக்கி பின்னே வருகிறது. ஆனால் இந்த எடுத்துக்காட்டில் வழக்கமாக ஒன்று விட்டுப்போகிறது. குழலிலிருந்து வெளியேறுவது குண்டு மட்டுமன்று. வெடிமருந்து எரிந்து உண்டான வாயுவும் அதன் பின்னாலேயே பாய்கிறது. அதுவும் குண்டைக் காட்டிலும் மிகுந்த வேகத்தில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1906இல் அமெரிக்கப் படைக்கென உருவாகி, பிறகு உலகெங்கும் வேட்டைக்காரர்கள் விரும்பி எடுத்துக்கொண்ட '30-06' என்ற தோட்டாவை எடுத்துக்கொள்வோம். குண்டின் எடை சுமார் 10 கிராம். அது நொடிக்குச் சுமார் 850 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுக் கிளம்புகிறது. எடையையும் வேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது உந்தம். இங்கே அது 8.5 அலகு. வெடிமருந்தின் எடை சுமார் மூன்றேகால் கிராம். அது வாயுவாகிச் சராசரியாக நொடிக்கு 1,300 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று கொண்டால், அதன் உந்தம் 4.2 அலகு. இரண்டும் சேர்ந்து 12.7. ரைபிளின் எடை 4 கிலோ என்றால், அது நொடிக்கு 3.2 மீட்டர் வேகத்தில் தோளை நோக்கி வரும். அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 20 ஜூல்.

இப்பொழுது வாயுவின் பங்கை மட்டும் எப்படியோ நீக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 8.5 அலகு. ரைபிளின் வேகம் நொடிக்கு 2.1 மீட்டராகக் குறையும். ஆற்றலோ 9 ஜூலாக இறங்கிவிடும். உந்தத்தில் மூன்றில் ஒரு பங்கை எடுத்தால் உதையின் ஆற்றலில் பாதிக்கு மேல் போய்விடுகிறது! ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று நாம் மனப்பாடம் செய்கிறோமே, அதன் பலன் இதுதான். குண்டை நாம் ஒன்றும் செய்ய முடியாது. இலக்கை அடைய அது போயே ஆகவேண்டும். வாயுவுக்கு அப்படி ஒரு கடமையும் இல்லை. குண்டு வெளியேறிய பின் வாயு எந்தப் பக்கம் போனால் என்ன? இந்த எண்ணத்திலிருந்து பிறந்தவையே இரு கருவிகளும்.

மசில் பிரேக் வாயுவைப் பக்கவாட்டில் திருப்புகிறது. குழலின் முனையில் துளைகளோ பிளவுகளோ இருக்கும். வாயு அவற்றின் சுவரில் மோதி விலகும்போது ரைபிளைச் சற்று முன்னே இழுக்கிறது. துளைகள் பின்புறம் சாய்ந்திருந்தால் இழுப்பு இன்னும் கூடும். சைலன்சர் செய்வது வேறு. அது வாயுவைத் திருப்பிவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. குண்டு போகும் அளவுக்கு நடுவில் வழிவிட்ட தடுப்புகள் பல, ஒரு குழாய்க்குள் அடுத்தடுத்து நிற்கும். வாயு அறைக்கு அறை விரிந்து, சுழன்று, வெப்பத்தை உலோகத்திற்குக் கொடுத்துவிட்டு, வேகம் இழந்து வெளியே வருகிறது. வேகம் குறைந்தால் உந்தமும் குறையும் அல்லவா? எனவே சைலன்சரும் உதையைக் குறைக்கிறது. நல்ல பிரேக் அளவுக்கு இல்லை என்றாலும் கணிசமாகவே குறைக்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

பீரங்கியிலிருந்து வந்த பிரேக்

இரண்டில் மூத்தது பிரேக். 1842ஆம் ஆண்டளவில் பிரெஞ்சுப் பீரங்கிப் படை அதிகாரி த்ரெய் தெ போல்யூ என்பவர் பீரங்கிக் குழலின் வாயருகே துளைகள் இட்டு உதையைக் குறைக்க முயன்றார். அறியப்பட்டவற்றுள் இதுவே முதல் மசில் பிரேக் எனக் கூறுவர். அக்காலத்தில் ஒவ்வொரு முறை சுட்டதும் பீரங்கி சக்கரத்தோடு பின்னால் ஓடும்; வீரர்கள் அதைத் தள்ளிக்கொண்டு வந்து மறுபடி குறிவைக்க வேண்டும். ஆயினும் இந்த முயற்சி உடனே பரவவில்லை. 1897இல் பிரான்சு புகழ்பெற்ற தன் 75 மில்லிமீட்டர் பீரங்கியை அமைத்தபோது, உதையை ஏற்க எண்ணெயும் காற்றும் நிரம்பிய உருளைகளையே நம்பியது. பிரேக்குக்கு மறுவாழ்வு கிடைத்தது இரண்டாம் உலகப் போரில்தான். குறுகிய டாங்கிக் கூண்டுக்குள் பெரிய பீரங்கியை அடக்கவேண்டிய நெருக்கடி அதற்கு வழிவகுத்தது. 1999 கார்கில் போரின் படங்களில் போஃபர்ஸ் பீரங்கியைப் பார்த்திருப்பீர்கள். அதன் குழல் முனை தடித்து, மிளகுப்பொடிக் குப்பியின் மூடிபோல் துளைகளோடு காணப்படும். அதுவும் மசில் பிரேக்தான்.

கையில் ஏந்தும் துப்பாக்கிக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கக் கடற்சார் படையின் அதிகாரி ரிச்சர்ட் கட்ஸ். அவரும் அதே படையில் பணியாற்றிய அவர் மகனும் 1920களில் அமைத்த 'கட்ஸ் காம்பென்சேட்டர்' 1928ஆம் ஆண்டு மாதிரித் தாம்சன் துப்பாக்கியில் பொருத்தப்பட்டது. லைமன் என்ற நிறுவனம் அதைப் பறவை வேட்டைத் துப்பாக்கிகளுக்கும் செய்து விற்றது.

தந்தையும் மகனும்

சைலன்சரின் கதையிலும் ஒரு தந்தையும் மகனும் வருகிறார்கள். தந்தை ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்சிம். அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். 1884இல் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கியவர். பின்னுதைப்பின் ஆற்றலை வீணாக்காமல் அதைக்கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றச் செய்தது அவருடைய நுட்பம். ஆண்டுக்கணக்காகத் தம் துப்பாக்கியின் அருகில் நின்று அதைச் சோதித்த அந்த மனிதர் முதுமையில் காது கேளாதவரானார். உலகின் பெருஞ்சத்தக் கருவிகளுள் ஒன்றை அளித்தவருக்கு அதுவே கிடைத்த கூலி.

மகன் ஹைரம் பெர்சி மாக்சிம் 1869இல் பிறந்தவர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்தவர். தொடக்க கால மோட்டார் வண்டிகளோடு மல்லுக்கட்டியவர். வானொலியிலும் பேரார்வம் உடையவர். அமெரிக்க வானொலி ஆர்வலர்களின் சங்கத்தை 1914இல் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். குறிபார்த்துச் சுடும் பழக்கம் அவருக்கு இருந்தது. ஆனால் அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையாக இருக்க அவர் விரும்பவில்லை. குளியல் தொட்டியின் நீர் சுழன்று சுழன்று வடிவதைப் பார்த்தபோது வாயுவையும் அவ்வாறே சுழலவிட்டால் என்ன என்று தோன்றியதாம். இத்தகைய கதைகளை நாம் கொஞ்சம் உப்புச் சேர்த்தே கேட்டுக்கொள்ளவேண்டும். ஆர்க்கிமிடீசிலிருந்து குளியல் தொட்டிக்கு அறிவியலில் தனி மரியாதை இருந்துவருகிறது! எப்படியாயினும் 1909 மார்ச் 30ஆம் நாள் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

முதல் அமைப்பில் குழாயின் நடுவே குண்டுக்கான வழி இருந்தது; குழாய் பருத்திருந்ததால் துப்பாக்கியின் குறிமுள்ளை மறைத்தது. 1910ஆம் ஆண்டு அமைப்பில் அந்த வழியை மையத்திலிருந்து மேலே தள்ளி, குழாயின் பெரும்பகுதி குழலுக்குக் கீழே தொங்குமாறு செய்தார். எளிய திருத்தந்தான், ஆனால் பயன்படுத்திப் பார்த்தவருக்கே தோன்றக்கூடிய திருத்தம். ஹார்ட்ஃபோர்டு நகரிலிருந்த அவருடைய நிறுவனம் இக்கருவிகளை வெளிப்படையாக விளம்பரம் செய்து விற்றது. முன்னாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் தம் வின்செஸ்டர் ரைபிளில் இதைப் பொருத்தியிருந்தார். அப்போது இது கனவான்கள் வைத்துக்கொள்ளும் நாகரிகப் பொருள். கொலைகாரனின் கருவி என்ற பெயர் அதற்குப் பிற்பாடே வந்தது.

'சைலன்சர்' என்று மாக்சிம் வைத்த பெயர் வியாபாரத்திற்கு நன்மை செய்தது, உண்மைக்குச் செய்யவில்லை. வேட்டை ரைபிளின் ஓசையில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று, குழல்வாயில் வாயு வெடித்துப் பாயும் ஓசை. மற்றது, குண்டு தன் பாதை நெடுக எழுப்பும் அதிர்ச்சி அலையின் ஓசை. காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். நம் குண்டோ 850 மீட்டர் வேகத்தில் போகிறது. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானம் இடிபோல் முழங்குவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குண்டு எழுப்புவதும் அதே வகை ஓசைதான், சாட்டை சொடுக்கியதுபோல் கேட்கும். குழல் முனையில் எதை மாட்டினாலும் இந்த இரண்டாவது ஓசையை ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் பிரிட்டிஷார் இக்கருவியை 'மாடரேட்டர்', அதாவது தணிப்பான், என்று அடக்கமாக அழைக்கிறார்கள். அதுவே பொருத்தமான பெயர்.

காது திரும்ப வளர்வதில்லை

இனி எண்களைப் பார்ப்போம். வேட்டை ரைபிளின் ஓசை, சுடுபவரின் காதருகே அளந்தால், உச்சநிலையில் 160 டெசிபலை எட்டும். பெரிய ரைபிள்களில் அதையும் தாண்டும். ஒரு நொடிக்கும் குறைவாக நீடிக்கும் வெடியோசைக்கு 140 டெசிபலை ஆபத்தின் எல்லையாக வைத்திருக்கிறார்கள். வேறுபாடு 20தானே என்று நினைத்துவிடாதீர்கள். டெசிபல் கணக்கில் 20 ஏறினால் ஒலியின் அழுத்தம் 10 மடங்கு ஆகிறது. சைலன்சர் பொருத்தினால் ஏறத்தாழ 20 முதல் 30 டெசிபல் வரை குறையும். அப்போதும் ஓசை 140ஐ ஒட்டியே நிற்கும். 'புஸ்' என்று அடங்கிவிடாது. மசில் பிரேக்கோ ஓசையைக் கூட்டுகிறது. முன்னோக்கிப் போகவேண்டிய வாயுவைப் பக்கவாட்டிலும் பின்புறமும் திருப்புவதால், சுடுபவரின் காதிலும் அருகில் நிற்பவர்களின் காதிலும் பல டெசிபல் மிகுதியாக விழுகிறது.

காதினுள் நத்தைக்கூடு போன்ற உறுப்பில் மயிரிழைச் செல்கள் உள்ளன. ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000, அவ்வளவுதான். அதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றுபவை இவையே. பெரிய ஓசை இவற்றை, சூறைக்காற்று நெற்பயிரைச் சாய்ப்பதுபோல், சாய்த்துவிடுகிறது. சாய்ந்தவற்றில் சில நிமிரும். மாண்டவை மனிதக் காதில் மறுபடி முளைப்பதில்லை. தோளில் கன்றிப்போன இடம் ஒரு வாரத்தில் ஆறிவிடும். முதலில் போவது உச்சமான ஒலிகளைக் கேட்கும் திறன்: பறவையின் கீச்சொலி, காலடியில் நொறுங்கும் சருகு, பேச்சில் 'ஸ', 'ச' போன்ற ஒலிகள். வலக்கையால் சுடுபவர்களுக்கு இடக்காதே பெரும்பாலும் முதலில் மந்தமாகிறது. ரைபிளை வலத்தோளில் வைத்துத் தலையைச் சாய்க்கும்போது இடக்காது குழல்வாயை நோக்கித் திரும்பியிருக்க, வலக்காது தலையின் நிழலில் இருந்துவிடுகிறது.

அருகில் நிற்பவர் என்றதும் ஜிம் கார்பெட் நினைவுக்கு வருகிறார். குமாயூன் மலையின் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிச் சென்ற அவரை உங்களில் பலர் அறிவீர்கள். 1929ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு வேட்டையின்போது, உடனிருந்த ஒருவர் கனமான ரைபிளைக் கார்பெட்டின் காதை ஒட்டிச் சுட்டுவிட்டார். செவிப்பறை கிழிந்து, உள்ளே சீழ்க்கட்டி உண்டாயிற்று. அந்த வேதனையோடுதான் அதே ஆண்டில் தல்லா தேஸ் ஆட்கொல்லியைத் தேடி அவர் மலையேறினார். 1954இல் வெளிவந்த தம் நூலில் இதை அவரே விவரித்திருக்கிறார். அன்று அந்த ரைபிளில் பிரேக் ஏதும் இருந்ததாகச் செய்தியில்லை. வெறும் குழல்வாய் செய்த வேலை அது. பிரேக்கை மாட்டினால் அந்த வீச்சு பக்கத்திலிருப்பவரை நோக்கியே திரும்புகிறது என்பதை மட்டும் எண்ணிப்பாருங்கள்.

காதை மூடிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். சுடும் பயிற்சிக் களத்தில் அது சரி. காட்டில் வேட்டைக்காரர் செவியையும் நம்பியே நடக்கிறார். பஞ்சடைத்த காதோடு மிருகத்தைத் தேட அவர் இசைவதில்லை. சிறு ஓசையை உள்ளே விட்டு வெடியோசையை மட்டும் தடுக்கும் மின்னணுக் காதுறைகள் பிற்காலத்தில் வந்தன. அப்போதும் வழிகாட்டிக்கும், சுமை தூக்குபவருக்கும், வேட்டை நாய்க்கும் யார் அதை மாட்டுகிறார்கள்?

சட்டம் எடுத்த முடிவு

இவ்வளவையும் பார்த்தால் சைலன்சரே பரவியிருக்கவேண்டும் என்று தோன்றும். நடந்தது வேறு. அமெரிக்காவில் மதுவிலக்குக் காலக் கொள்ளைக் கூட்டங்களின் அட்டகாசத்தை அடுத்து 1934இல் தேசியத் துப்பாக்கிச் சட்டம் வந்தது. அதன் முதன்மையான குறி இயந்திரத் துப்பாக்கி. சைலன்சரும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதைப்பற்றி விவாதம் நடந்தது மிகக் குறைவே. கைமாறும் ஒவ்வொரு சைலன்சருக்கும் 200 டாலர் வரி. அன்றைக்கு அது நல்லதொரு வேட்டை ரைபிளின் விலையைக் காட்டிலும் பல மடங்கு. ஓசை கேளாமல் திருட்டு வேட்டை ஆடுவார்கள் என்ற அச்சமும் பல இடங்களில் இருந்தது. அந்த அச்சத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. வனக்காவலருக்கு வெடியோசை ஒரு தகவல்தான். ஆனால் குண்டின் சாட்டையோசையை எந்தக் கருவியும் மறைப்பதில்லை என்பதை அந்த வாதம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. மாக்சிம் நிறுவனம் துப்பாக்கிச் சைலன்சரை விட்டு எஞ்சின்களுக்கும் ஆலைகளுக்கும் ஓசைத் தணிப்பான்கள் செய்வதில் இறங்கிவிட்டது.

பிரேக்குக்கு இப்படிப்பட்ட தடை ஒன்றும் இல்லை. இதற்கிடையே ரைபிள்களும் வலுத்துக்கொண்டே போயின. கலிஃபோர்னியாவின் ராய் வெதர்பி 1940களில் வெடிமருந்து மிகுந்த 'மாக்னம்' தோட்டாக்களைப் புகழ்பெறச் செய்தார். 1963இல் '300 வின்செஸ்டர் மாக்னம்' வந்தது. மருந்து மிகுந்தால் வாயு மிகும். வாயு மிகுந்தால் உதை மிகும். உதைக்கு அஞ்சிக் கண்ணை மூடி விசையை இழுப்பவரின் குண்டு தவறும்; மிருகம் காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து சாகும். ஆகவே பிரேக்கை விரும்பியவர்களை முழுக்கக் குறை சொல்லவும் முடியாது. அது இலேசானது, குட்டையானது, மலிவானது. ரைபிள் குதிக்காததால் குண்டு பட்ட இடத்தைத் தொலைநோக்கி வழியே காணவும் முடிகிறது. ஆனால் வேட்டைக்குக் கூட்டிச்செல்லும் வழிகாட்டிகளில் பலர் பிரேக் பூட்டிய ரைபிளைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். கழற்றிவிட்டு வரச் சொல்பவர்களும் உண்டு. தோள் சுட்டவருடையது, காது வழிகாட்டியுடையது.

வட ஐரோப்பா வேறு வழியில் சென்றது. நார்வேயிலும் பின்லாந்திலும் வேட்டை ரைபிளில் சைலன்சர் சாதாரணமாகக் காணப்படும் பொருள். காட்டையொட்டி வாழும் மக்களுக்கும் வேட்டைக்காரரின் காதுக்கும் அது நல்லது என்ற எண்ணம் அங்கே வேரூன்றியிருக்கிறது. பின்லாந்து ஆய்வாளர்கள் 1990களில் இரண்டு கருவிகளையும் ஒருங்கே வைத்து ஓசை, உதை, குறி தவறாமை ஆகியவற்றை அளந்து பார்த்தனர். சைலன்சருக்கும் குறைகள் உண்டு. முனையில் சில நூறு கிராம் கூடுவதால் ரைபிள் முன்கனம் ஆகிறது. புதருக்குள் நீளம் தடங்கலாகிறது. சில முறை சுட்டால் குழாய் சூடேறி, அதன்மேல் எழும் வெப்பக் காற்றில் இலக்கு நெளிகிறது. பொருத்தினால் ஓரிடமும் கழற்றினால் ஓரிடமுமாகக் குண்டு படும். ஆகையால் எப்போதும் பொருத்தியே குறியைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவிலும் அண்மையில் நிலைமை மாறியது. 1934இல் விதித்த 200 டாலர் வரி பல்லாண்டுகள் உயராமல் அப்படியே இருந்ததால், பணவீக்கமே அதன் பளுவைக் குறைத்துக்கொண்டு வந்தது. பிறகு 2025இல் இயற்றப்பட்ட சட்டம் சைலன்சர் மீதான அவ்வரியை 2026 ஜனவரி முதல் சுழியாக்கியது. பதிவு செய்யவேண்டிய கடமையை மட்டும் நீக்கவில்லை. இப்போது வேட்டை ரைபிள்கள் பல, தொழிற்சாலையிலிருந்தே குழல்வாயில் திருகுமரை வெட்டி வருகின்றன. அந்த ஒரே மரையில் பிரேக்கையும் பொருத்தலாம், சைலன்சரையும் பொருத்தலாம்.